தடுப்பூசியும் நுரையீரல் தழும்பும்

“ஊசி போட்டால் நுரையீரலில் தழும்பு வந்துவிடுமாம்” என்ற பேச்சு எம்மவரிடையே சில ஆண்டுகளாக உலவுகிறது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும் வரிசையிலும் கேட்டிருக்கிறேன். ஏற்கெனவே நுரையீரலில் தழும்பு உண்டென்று வைத்தியர் கூறியதாலேயே, குளிர்காலத்து இன்புளுவென்சா ஊசியை வேண்டாமென்று ஒதுக்கும் முதியவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். அந்த ஊசி மிகவும் தேவைப்படுபவர்கள் அவர்கள்தாம். ஆகையால் விடயத்தை ஆறுதலாக ஆராய்வோம். நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிக் கணக்கை முடிக்க என் தொழில் விடாது.

முதலில் தழும்பு என்பது யாது? முழங்காலில் பட்ட காயம் ஆறும்போது தோல் தடிப்பதைப் போல, நுரையீரலிலுள்ள நுண்ணிய காற்றறைகளின் சுவரும் காயப்பட்டு ஆறும்போது நார் படிந்து தடித்துவிடும். அந்தத் தடித்த சுவரைக் கடந்து ஒட்சிசன் இரத்தத்தில் சேரச் சிரமப்படும். படியேறினால் மூச்சு வாங்கும். காசநோய், கடுமையான நியூமோனியா, அஸ்பெஸ்ரஸ் தூசி, வளர்ப்புப் பறவைகளின் எச்சத்தூசி, சிலவகை மூட்டுவாதம், இருதயத் துடிப்புக்குக் கொடுக்கப்படும் அமியோடரோன் போன்ற மருந்துகள் எனக் காரணங்கள் பல. காரணம் தெரியாமலே வருவதும் உண்டு. 2020 இல் கோவிட் கடுமையாகத் தாக்கி, செயற்கைச் சுவாசத்தில் கிடந்து மீண்ட பலருக்கும் இத்தழும்பு எஞ்சியது.

எங்களுக்கென்று இன்னொரு குழப்பமும் உண்டு. ஊரில் பிறந்த பெரும்பாலானோரின் இடது புயத்தில் பி.சி.ஜி. ஊசியின் வடு இருக்கும். இந்நாடுகளுக்கு வந்தபின் நெஞ்சு எக்ஸ்றே எடுத்தபோது “பழைய தழும்பு தெரிகிறது” என்று சிலருக்குச் சொல்லப்பட்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, புயத்தில் குத்தியது நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டார்கள். புயத்து வடு ஊசி குத்திய இடத்துத் தோலில் உண்டானது. எக்ஸ்றேயில் தெரியும் அத்தகைய தழும்பு பெரும்பாலும் எப்போதோ வந்து அடங்கிய காசநோய்த் தொற்றின் சுவடு.

ஆனால் பயம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்வதும் நேர்மையன்று. தடுப்பூசி ஒன்று நுரையீரலுக்குக் கேடு செய்த வரலாறு உண்டு. குழந்தைகளுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரசுக்கு எதிராக, 1966 இல் அமெரிக்காவில் ஓர் ஊசி பரீட்சிக்கப்பட்டது. வைரசை போர்மலினால் கொன்று செய்த மருந்து அது. ஒரு பரிசோதனையில் அந்த ஊசியைப் பெற்ற 31 குழந்தைகளில் 20 பேருக்குப் பின்னர் அந்நோய் தொற்றியது. அவர்களில் 16 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். 2 குழந்தைகள் இறந்தன. ஒப்பீட்டுக்காக வேறு ஊசி போடப்பட்ட குழந்தைகளில் 21 பேருக்கு அதே நோய் தொற்றியும், வைத்தியசாலைக்குச் சென்றது ஒன்றுதான். 80 வீதம் எங்கே, 5 வீதம் எங்கே! போர்மலினால் உருமாறிய வைரசைக் கண்டு உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள், உண்மையான வைரசைத் தடுக்கவில்லை. மாறாக நுரையீரலில் அழற்சியைக் கூட்டியது. தழும்பு அல்ல, அழற்சி. ஆயினும் அந்தப் பெற்றோருக்கு இந்த வேறுபாட்டால் என்ன பயன்?

அந்த ஊசி கைவிடப்பட்டது. பல பத்தாண்டுகள் ஆர்.எஸ்.வி.க்கு ஊசியே வரவில்லை. வைரசின் மேற்பரப்புப் புரதம் உயிர்க்கலத்துக்குள் நுழையுமுன் எந்த வடிவில் இருக்கிறது என்பதை 2013 இல் அறிந்த பின்னரே வழி திறந்தது. அவ்வடிவை வைத்துச் செய்த ஊசிகள் 2023 இல் அங்கீகாரம் பெற்றன. 2024 செப்ரெம்பரில் இங்கிலாந்தில் 75 வயதை எட்டியோருக்கும், 28 வாரம் கடந்த கர்ப்பிணிகளுக்கும் அதைப் போடத் தொடங்கினார்கள்.

இன்றைய ஊசிகளிலும் கணக்கின் மறுபக்கம் வெறுமையாக இல்லை. கோவிட், இன்புளுவென்சா ஊசிகளின் பின் நுரையீரல் அழற்சி ஏற்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மிக அரிது, முன்னரே நுரையீரல் நோய் இருந்தவர்களும் அவர்களுள் உண்டு. ஆனால் அதே நோயாளியை இன்புளுவென்சாவோ கோவிட்டோ பிடித்தால் நுரையீரல் படும் பாடு அரிதானதன்று. தழும்பு நோயுள்ளவர்களை ஒரு தொற்று சில நாட்களிலேயே படுக்கையில் தள்ளிவிடக்கூடும். அதனாலேயே அவர்களுக்கு இன்புளுவென்சா ஊசியும் நியூமோகொக்கல் ஊசியும் பரிந்துரைக்கப்படுகின்றன. புயத்தில் போடும் இன்புளுவென்சா ஊசியில் உயிருள்ள வைரசு இல்லை. நியூமோகொக்கல் ஊசியிலும் உயிருள்ள கிருமி இல்லை. அவை அந்நோய்களை உண்டாக்க மாட்டா.

“இத்தனை ஆயிரம் முறைப்பாடுகள் பதிவாகியுள்ளனவே” என்று சிலர் கேட்பர். பிரித்தானியாவில் 1964 முதல் மஞ்சள் அட்டை முறை உண்டு. மருந்தின் பின் ஏற்பட்டதாகச் சந்தேகிக்கும் எதையும் வைத்தியரும், இன்று நோயாளியும் அதில் அறிவிக்கலாம். கணக்கியலில் தொங்கல் கணக்கு என்று ஒன்றுண்டு. காரணம் புரியாத தொகையை அதில் வைத்திருந்து, தேடிக் கண்டபின் உரிய கணக்குக்கு மாற்றுவோம். மஞ்சள் அட்டையும் அத்தகையதே. அதிலுள்ள எண்ணிக்கையை அப்படியே ஊசியின் தலையில் எழுதக்கூடாது. குப்பையில் போடவும் கூடாது. இப்படித் தேடியதன் பயனாகவே, புதிய ஆர்.எஸ்.வி. ஊசிகளால் மிக அரிதாகக் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் வரக்கூடும் என்ற எச்சரிக்கையை 2025 இல் அமெரிக்க அதிகாரிகள் சேர்க்க வைத்தார்கள்.

உண்மையில் அவதானம் தேவைப்படும் இடம் வேறு. தழும்பு நோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ பிரெட்னிசலோன், மைக்கோபினோலேற் போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளைக் கேட்டறியாமல் போடலாகாது. பி.சி.ஜி., மஞ்சள் காய்ச்சல் ஊசி, அம்மை ஊசிகள் இவ்வகையின. பயணத்துக்கு முன் அவசரமாக ஊசி போட ஓடுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஊசியின் பின் ஓரிரு நாள் கைநோவும் இலேசான காய்ச்சலும் இருக்கலாம். மூச்சு வாங்குவது வழமையை விடக் கூடினாலோ வறட்டு இருமல் புதிதாகத் தொடங்கினாலோ காத்திராமல் வைத்தியரிடம் காட்டி, ஊசி போட்ட திகதியையும் சொல்லுங்கள். போகும்போது மருந்துப் பட்டியலைக் கொண்டுபோங்கள். ஊரிலிருந்து தருவித்த குளிகைகளும் லேகியங்களும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.