காய்ச்சலைத் தடுக்க மாத்திரை போதுமா?



"இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறதாமே! வார்டில் ஊழியம் செய்யும் இளம் செவிலியர் அனைவருக்கும் வாங்கிக் கொடுக்கக் காணிக்கை அனுப்பலாமா?" என்று ஆதரவாளர்கள் கேட்பதுண்டு. அன்பில் பிறந்த கேள்வி. சோதித்தறிந்து நல்லதைத் தெரிந்துகொள்ளும்படி பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கே சபைக்குப் புத்தி சொன்னார். மருந்தையும் அப்படியே சோதித்தறிய வேண்டும்.

இரண்டு மாத்திரைகள்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டாக்டர் டோலினும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 1982-ல் வெளியானது. ஆரோக்கியமான 450 பேர் முன்வந்தார்கள். ஒரு பிரிவினருக்கு அமன்டடின், இன்னொரு பிரிவினருக்கு ரிமன்டடின், மூன்றாம் பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஏ வகை இன்ஃப்ளுயன்சா பரவிய ஆறு வாரங்கள் இது நடந்தது.

பரிசோதனையில் உறுதியான இன்ஃப்ளுயன்சா, வெற்று மாத்திரை உண்டவர்களில் 100-க்கு 21 பேருக்கு வந்தது. ரிமன்டடின் உண்டவர்களில் 3 பேருக்கும், அமன்டடின் உண்டவர்களில் 2 பேருக்கும் மட்டுமே வந்தது.

அப்படியானால் அமன்டடின்தான் சிறந்ததா? அவசரப்பட வேண்டாம். மூளை, நரம்பு சம்பந்தமான பக்கவிளைவுகளால் பாதியில் விலகியவர்களையும் எண்ணிப் பாருங்கள்: அமன்டடினில் 100-க்கு 13 பேர், ரிமன்டடினில் 6 பேர், வெற்று மாத்திரையில் 4 பேர். தடுப்பதில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பலன். தொந்தரவிலோ பெரிய வித்தியாசம். அமன்டடின் தூக்கத்தைக் கெடுக்கும், மனதை ஒருமுகப்படுத்த விடாது. இரவுப் பணியில் மருந்தின் அளவைச் சரிபார்க்கும் செவிலியருக்கு இது சிறிய காரியமா? நோயாளி நோய் தீரச் சில கஷ்டங்களைச் சகிப்பார். நோயே இல்லாதவருக்குக் கொடுக்கும் மருந்தில் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

மாறிப்போன கிருமி

இவ்விரண்டும் பி வகைக் கிருமியிடம் பலிக்காது. ஏ வகைக் கிருமிகளும் காலப்போக்கில் இவற்றை எதிர்க்கப் பழகிக்கொண்டன. ஆகவே 2006 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இவற்றை இன்ஃப்ளுயன்சாவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது.

பின்பு வந்த ஒசெல்டாமிவிர், ஜனாமிவிர் ஆகியவை ஏ, பி இரு வகைகளிலும் வேலை செய்கின்றன. பெருகிய கிருமி செல்லைவிட்டுப் பிரிந்து பரவாதபடி இவை தடுக்கின்றன. 1999-ல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகச் சமுதாயங்களில் 1,107 பேர் பங்கேற்றார்கள். ஜனாமிவிரை நான்கு வாரம் உறிஞ்சியவர்களில் 100-க்கு 2 பேருக்கும், மற்றவர்களில் 6 பேருக்கும் நோய் வந்தது. அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில், ஒசெல்டாமிவிரை ஆறு வாரம் உண்டவர்களில் சுமார் 1.2 பேருக்கும், மற்றவர்களில் 4.8 பேருக்கும் வந்தது. இடமும் ஆட்களும் வெவ்வேறு என்பதால் 2-ஐயும் 1.2-ஐயும் பக்கத்தில் வைத்து, இது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒசெல்டாமிவிர் சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் தரும். ஜனாமிவிர் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.

2007 முதல் 2009 வரை பரவிய ஒரு வகைக் கிருமி ஒசெல்டாமிவிரையும் எதிர்க்கக் கற்றுக்கொண்டது. தேவையில்லாதவருக்கும் வாரிக் கொடுத்தால், உயிருக்குப் போராடுகிறவருக்குத் தேவைப்படும் நாளில் அது உதவாமல் போகலாம்.

நம் பதில்

ஆகையால் ஆரோக்கியமான இளவயதினருக்கு முதல் பாதுகாப்பு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியே. கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் போன வருஷத்து ஊசி இந்த வருஷத்துக்குப் போதாது. கை கழுவுதல், முகக்கவசம், காய்ச்சல் கண்டால் வார்டுக்கு வராதிருத்தல் ஆகியவை அடுத்தவை. மாத்திரை நோயுற்றவர்களுக்கு, அவர்களுக்கும் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். நோயாளியோடு நெருங்கிப் பழகிய, ஆபத்து மிகுந்த சிலருக்கு மட்டும் மருத்துவர் ஆலோசனைப்படி சில நாட்கள் தடுப்பாகவும் கொடுக்கலாம்.

மாத்திரைக்கென்று நீங்கள் எடுத்துவைத்த காணிக்கையைச் செவிலியரின் தடுப்பூசிக்கு அனுப்பும்படி அன்போடு கேட்கிறோம்.

சிந்திக்கவும் ஜெபிக்கவும்

1. நல்ல மனதோடு கொடுப்பதும், அறிந்து கொடுப்பதும் எப்படி இணைகின்றன?
2. நோயாளிகளைத் தொட்டுப் பராமரிக்கும் இளம் செவிலியரின் சுகத்துக்காக ஜெபியுங்கள்.
3. தங்கள் உடலை ஆய்வுக்கு ஒப்புக்கொடுத்த, முகம் அறியாத அந்த மனிதர்களுக்காக நன்றி செலுத்துங்கள்.