பைக் ரேஸ் கேம் வாங்கும் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்

தம்பி, லேப்டாப்புக்கு ஒரு பைக் ரேஸ் கேம் வேண்டும், அது நிஜமாக ஓட்டுவது போலவே இருக்க வேண்டும் என்கிறாய். அப்படியானால் ட்ரெய்லரைப் பார்த்து முடிவு செய்யாதே. 2021-இல் ரைடு 4 கேமின் ஒரு வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. மழையில் நனைந்த வட அயர்லாந்துச் சாலை, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி காட்சி. பலர் அதை நிஜமாக எடுத்த படம் என்றே நம்பினார்கள். படம் அவ்வளவு அழகுதான். வண்டி வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் வீடியோ சொல்லாது. அதற்கு நீயே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் பிரேக். அப்பாவின் ஸ்பிளெண்டரில் நெசவாளர் சங்கத்துக்குச் சேலை கொண்டுபோகும்போது நீ காலால் பின் பிரேக்கை மட்டும்தான் மிதிக்கிறாய். ஆரணியில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரமும் உன் பாரமும் முன்சக்கரத்தின் மேல் போய்ச் சாயும். பின்சக்கரம் லேசாகிவிடும். அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். கேமில் இதைச் சோதிக்க, நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போய் முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பார். வண்டியின் மூக்கு இறங்க வேண்டும். ரொம்ப அழுத்தினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். பிறகு பின் பிரேக்கை மட்டும் பிடி. நிற்க நெடுந்தூரம் ஆக வேண்டும், பின்பக்கம் ஆட்டம் காட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே பட்டன், எப்படி அழுத்தினாலும் ஒரே மாதிரி நிற்கிறது என்றால், நீ தேடுகிற கேம் அது இல்லை.

அடுத்து, வண்டி நன்றாகச் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைச் சட்டென்று பிடி. டயரின் பிடிப்பு முழுவதும் வளைவதற்கே செலவாகிக்கொண்டிருக்கும் நேரம் அது. முன்சக்கரம் வழுக்கி நீ விழ வேண்டும். விழவே இல்லை என்றால் அந்த கேமில் பிடிப்புக்குக் கணக்கே கிடையாது. தறியில் மிதிக்கட்டை மாறுவதற்குள் நாடாவை விட்டால் பாவு இழை என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பிரேக்கை விடுவதும் வண்டியைச் சாய்ப்பதும் அதே மாதிரி ஒன்றுக்கொன்று இடம் விட்டு நடக்க வேண்டும்: சாய்வு கூடக் கூட பிரேக் குறைய வேண்டும். இந்தப் பழக்கத்தை எந்த கேம் உன் விரலுக்குக் கொண்டுவருகிறதோ, காசு அதற்குப் போகட்டும்.

இன்னும் ஒன்று பார். இடம், வலம் என்று அடுத்தடுத்து வரும் வளைவில் வண்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாய எவ்வளவு நேரம் எடுக்கிறது? பெரிய வண்டி வேகத்தில் அவ்வளவு சுலபமாகப் புரளாது. ஸ்டிக்கைத் திருப்பிய நொடியே புரண்டால் அந்த வண்டிக்குப் பாரமே இல்லை என்று அர்த்தம்.

இனி பெயர்களுக்கு வருகிறேன். போனில் நீ ஆடும் டிராஃபிக் ரைடர் 2016-இல் வந்தது. லாரிகளுக்கு நடுவே நுழைந்து போகிற பரபரப்பு அதில் உண்டு. மேலே சொன்ன எந்தச் சோதனைக்கும் அது ஈடுகொடுக்காது, அதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. அண்ணன்மார் பிரவுசிங் சென்டரில் ஆடிய ரோடு ராஷும் அந்த வகைதான்.

இத்தாலியின் மைல்ஸ்டோன் நிறுவனம் மோட்டோஜிபி, ரைடு இரண்டையும் செய்கிறது. மோட்டோஜிபியில் பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகள். ரைடில் கடையில் விற்கிற வண்டிகளும் உண்டு, சின்ன சிசியில் தொடங்கலாம். உனக்கு நான் சொல்வது ரைடு. மெதுவான வண்டியில் தப்பு செய்தால் எங்கே செய்தோம் என்று புரியும், 300 கிலோமீட்டர் வேகத்தில் புரியாது. ரைடு 5-க்குப் புது லேப்டாப் வேண்டும், உன்னுடையதற்கு ரைடு 4 போதும். மோட்டோஜிபிதான் வேண்டும் என்றால், 2025 பதிப்பில் ஆர்கேட், புரோ என்று இரண்டு விதமாக ஓட்டலாம். புரோவில் ஓட்டினால்தான் வாங்கியதற்குப் பொருள். மோட்டோஜிபி 23-இல் நம் நாட்டு புத் சர்க்யூட் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நேர்ப்பாதை முடிந்து பலமாக பிரேக் பிடிக்கும் வளைவு வரும், மேலே சொன்ன முதல் சோதனைக்கு அருமையான இடம். 2023 செப்டம்பர் 24-இல் அங்கே நடந்த நிஜப் பந்தயத்தில் பெஸ்ஸெக்கி ஜெயித்தார், அப்போதைய உலகச் சாம்பியன் பான்யாயா சறுக்கி விழுந்தார்.

டிடி ஐல் ஆஃப் மேன் கேமில் 60 கிலோமீட்டருக்கு மேல் ஊர்ச் சாலை, இருபுறமும் கல்சுவர், மேடு பள்ளம். பாதையை மனப்பாடம் செய்யும் பொறுமை உள்ளவர்களுக்கு அது. பிபோசோவின் ஜிபி பைக்ஸ் எல்லாவற்றிலும் கண்டிப்பானது. படம் பழசாகத் தெரியும், வண்டி மட்டும் பொய் சொல்லாது. அதை இரண்டாவது கேமாக வைத்துக்கொள்.

எதை வாங்கினாலும் கீபோர்டில் ஓட்டாதே. கீபோர்டுக்கு முழு ஆக்சிலேட்டர் தெரியும், பூஜ்யம் தெரியும், கால்வாசி தெரியாது. கன்ட்ரோலரில் பின்னால் இருக்கும் ட்ரிகர் பாதி அழுத்தினால் பாதியாகவே பதிவாகிறதா என்று விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் செட்டிங்கில் பார்த்துவிடு. விலை குறைந்த சிலவற்றில் ட்ரிகரும் வெறும் பட்டன்தான். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கன்ட்ரோலரை முதலில் வாங்கு.

ரேஸ் நடக்கிற வாரக்கடைசியில் ஒரு நாள் காஞ்சிபுரம் வழியாக இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் வருவோம். தேசிய மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப் சுற்றுகள் அங்கே நடக்கும், பாதை 3.7 கிலோமீட்டர். வளைவுக்குப் பக்கத்தில் நின்று, ஓட்டுபவர்கள் வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பிரேக்கை முடிந்தவரை பிடித்துவிட்டு, சாயச் சாய விடுவதைப் பார். அதற்குப் பிறகு கேமில் எது உண்மை, எது பூச்சு என்று நீயே சொல்வாய்.

ஸ்டீமில் வாங்கினால், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். மெனுவில் சும்மா இருக்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும். அதனால் போட்டிக்குப் போகாமல், முதலில் அசிஸ்ட்களில் சேர்த்துப் பிடிக்கும் பிரேக்கை அணைத்து, டிராக்‌ஷன் கன்ட்ரோலைக் குறைத்து, மூன்று சோதனைகளையும் செய்து பார். தேறவில்லை என்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு.