கதைப் புத்தகம் படிக்க நமக்கு நேரம் ஏது?

(இம்மாதப் பாடம் – குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்துரையாடவும்)



சென்ற மாதம் உள்கடன் பதிவேடு எழுதும் முறையைப் பார்த்தோம். இந்த மாதம் ஒரு மாறுதலுக்கு மூன்று நாவல்களைப் பற்றிப் பேசுவோம். "வேலைக்குப் போய் வந்து, தண்ணி பிடிச்சு, சமைச்சு முடிக்கவே ராத்திரி பத்து ஆகுது. இதுல கதைப் புத்தகம் வேறயா?" என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. களப்பணியாளர்களாகிய நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியவர் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு ஊக்குநர்.

அவர் திருநின்றவூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. தினமும் திருநின்றவூரில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குகிறார். உட்கார இடம் கிடைத்தால் மடியில் புத்தகம். கிடைக்காவிட்டால் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் புத்தகம். எல்லாம் கிளை நூலகத்தில் எடுப்பதுதான். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கே 'அக்கா' என்றே எழுதுகிறோம். அக்கா சமீபத்தில் படித்ததைக் கூட்டங்களில் சொன்னதும், அதை வைத்து நாம் பேசியதும்தான் இந்தப் பாடம்.

நாவல் என்றால் என்ன?

நாவல் என்பது பெரிய கதை. டிவி தொடரும் பெரிய கதைதானே என்று கேட்கலாம். தொடரில் வீடு, புடவை, முகம் எல்லாவற்றையும் அவர்களே காட்டிவிடுகிறார்கள். நாவலில் நாம்தான் மனதில் கட்டிக்கொள்ள வேண்டும். திருநின்றவூர்ப் பூசலார் கையில் காசு இல்லாமல் மனதுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய கதை நமக்குத் தெரியும். நாவல் படிப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். அப்படிக் கட்டிய ஊர் சீக்கிரம் மறந்துபோகாது.

1. கரிப்பு மணிகள்

எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். வெளிவந்தது 1979. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. பிழைப்புக்காக அளத்துக்குப் போகும் பொன்னாச்சி என்ற பெண்ணைச் சுற்றி நடக்கிறது. வெயிலில் வெள்ளை உப்பு கண்ணைக் கூச வைக்கிறது, உப்புத் தண்ணீர் காலைப் புண்ணாக்குகிறது, கூலியில் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று. போதாததற்கு மேலே வேலை வாங்குகிறவர்களின் கெட்ட பார்வை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று சட்டம் வந்தது 1976-ல். நாவல் வந்தது மூன்று வருடம் கழித்து. சட்டம் வந்துவிட்டாலும் அது அளத்துக்குள் வந்துசேரவில்லை என்பதை இந்தக் கதை காட்டுகிறது.

அக்காவின் கருத்து: "உப்பு வாருறதை நான் பார்த்ததே இல்ல மேடம். ஆனா டார்கெட் முடிக்கலன்னா சூப்பர்வைசர் பேசுற பேச்சு எனக்குத் தெரியும். அதனால பொன்னாச்சிய எனக்குத் தெரிஞ்சுது." ஒரு குறையும் சொன்னார். "சில இடத்துல ஆளுங்க வீட்டுல பேசுற மாதிரி இல்ல, மைக் பிடிச்சுப் பேசுற மாதிரி இருக்கு." எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும் பல கூட்டங்களில் அப்படித்தானே பேசுகிறோம்!

ராஜம் கிருஷ்ணன் 1925-ல் முசிறியில் பிறந்தார். 15 வயதில் திருமணம். கல்லூரிக்குப் போனதில்லை. வீட்டிலிருந்தபடியே படித்து எழுத்தாளரானவர். எந்த மக்களைப் பற்றி எழுதினாலும் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய், பேசிப் பழகி, பிறகுதான் எழுதுவார். 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இத்தனை பேருக்காக எழுதியவர், கணவர் இறந்த பிறகு முதுமையில் ஆதரவில்லாமல் ஒரு இல்லத்தில் இருக்க நேர்ந்தது. கடைசிக் காலத்தில் நம் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் போரூரில் உள்ள மருத்துவமனையில் வைத்துப் பராமரித்தார்கள். 2014-ல் காலமானார். இதைக் கேட்ட வயதான உறுப்பினர் ஒருவர், "எழுதத் தெரிஞ்சவளுக்கே அந்த நிலைமைன்னா நமக்கு? பேர்ல ஒரு சேமிப்பு இருக்கணும்டி" என்றார். பாடம் நடத்த வந்த எங்களுக்கு அவர் நடத்திய பாடம் அது.

2. அளம்

எழுதியவர் சு. தமிழ்ச்செல்வி. பள்ளி ஆசிரியை. வெளிவந்தது 2002. இதுவும் உப்பு மண்தான், ஆனால் வேதாரண்யம் பக்கம். வேதாரண்யம் என்றால் 1930 உப்பு சத்தியாகிரகம் நமக்கு நினைவுக்கு வரும். அந்த மண்ணிலேயே கிடந்து உழைக்கும் பெண்களை இந்த நாவலில் பார்க்கலாம். சுந்தராம்பாளின் கணவன் கடல் கடந்து பிழைக்கப் போகிறான். வீட்டுப் பாரம் முழுக்க அவள் தலையில். மூன்று பெண் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவள் கரையேறப் படும் பாடுதான் கதை.

அக்காவின் கருத்து: "முதல் இருபது பக்கம் அந்த ஊர்ப் பேச்சு பிடிபடல. அப்புறம் பழகிடுச்சு. படிக்கப் படிக்க ஒரே துக்கம். நடுவுல ரெண்டு நாள் மூடி வெச்சுட்டேன். ஆனா சுந்தராம்பா என்ன ஆனாளோன்னு மனசு அடிச்சுக்கிச்சு, திரும்ப எடுத்துட்டேன்."

இந்த நாவல் நம் குழு ஒன்றில் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு உறுப்பினர் நான்கு மாதமாகத் தவணை கட்டவில்லை. கூட்டத்துக்கும் வரவில்லை. எல்லோரும் சேர்ந்து போய் அவர் வீட்டு வாசலில் உட்காருவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினோம். குழுவின் தர ஆய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தலையாட்டியவர்களில் நாங்களும் உண்டு.

அப்போது அக்கா கேட்டார்: "அவ புருஷனும் வெளியூர் போயி ஆறு மாசம் ஆச்சு. சுந்தராம்பா நம்ம குழுவுல இருந்திருந்தா, அவ வாசல்ல போயி உட்காருவோமா?"

"கதை வேற, கணக்கு வேற" என்றார் பொருளாளர். அதுவும் நியாயம்தான். அது பதினைந்து பேருடைய பணம். கடைசியில், முதலில் இரண்டு பேர் மட்டும் போய் விசாரித்து வருவது என்று முடிவானது. போய்ப் பார்த்தால், நம் தவணையைக் கட்டுவதற்காக வெளியில் வட்டிக்கு வாங்கி, அந்த வட்டியைக் கட்ட முடியாமல் அவர் முகம் காட்டவே வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். கணவர் பணம் அனுப்புவதை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன. தவணையை மாதம் 500 ரூபாயாகக் குறைத்தோம். இப்போது அவர் கூட்டத்துக்கு வருகிறார், கட்டுகிறார். கடன் இன்னும் முடியவில்லை. நாவல் கடனை அடைக்காது. ஆனால் வாசலில் போய் உட்காருவதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க வைத்தது. அதை நாங்கள்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

3. கற்றாழை

இதுவும் சு. தமிழ்ச்செல்வி எழுதியதுதான். வெளிவந்தது 2005. மணிமேகலை என்ற கிராமத்துப் பெண் குடும்ப வாழ்க்கையில் அடிபட்டு, திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், தன்னைப் போன்ற பெண்களோடு சேர்ந்து வாழ்வதைச் சொல்கிறது. "வேரோட பிடுங்கி வாசல்ல தலைகீழாத் தொங்கவிட்டாலும் கற்றாழை சாகாது. அதான் இந்தப் பேர்" என்று அக்கா விளக்கினார். அவருக்கு மூன்றிலும் அதிகம் பிடித்தது இதுதான்.

ஆனால் கூட்டத்தில் இதற்குத்தான் சண்டையும் வந்தது. "வீட்டை விட்டுப் போறதையா சொல்லித் தர்றீங்க?" என்று மூத்தவர் ஒருவர் கோபப்பட்டார். "அடி வாங்கிக்கிட்டு இருக்கணும்னு மட்டும் சொல்லித் தரலாமா?" என்று இளையவர் ஒருவர் திருப்பிக் கேட்டார். அன்றைக்குத் தீர்ப்பு எதுவும் ஆகவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் அடி விழுவதைப் பற்றி வாய் திறக்காத இரண்டு பேர் அன்று பேசினார்கள். தன் கதையாகச் சொல்லக் கூச்சப்பட்டதை மணிமேகலையின் கதையாகச் சொல்ல முடிந்தது.

படித்த கதை ஊரையே எழுப்பிய வரலாறும் உண்டு. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டா கிராமத்தில், அறிவொளி வகுப்புப் பாடத்தில் சாராயத்தால் குடும்பம் அழிந்த சீதம்மா என்ற பெண்ணின் கதை வந்தது. இது நம் ஊர்க் கதை என்று பெண்கள் திரண்டார்கள். ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992-ல் அது மாநிலம் முழுக்கப் போராட்டமாகப் பரவியது.

நம் குழுவில் எப்படித் தொடங்குவது?

• ஒரு புத்தகத்தைக் குழுவுக்குப் பொதுவாக எடுங்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் ஒருவர் உறுப்பினரானால் போதும்.
• ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மகளிடம் சொன்னால் செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தருவாள்.
• சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் கால் மணி நேரம் ஒருவர் வாசிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்கள் கேட்டாலே போதும். கருத்துச் சொல்ல எழுத்து தெரிய வேண்டியதில்லை.
• பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். ஏன் பிடிக்கவில்லை என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.
• கூட்டத்தில் யாராவது தன் வீட்டு விஷயத்தைச் சொன்னால் அது வெளியே போகக் கூடாது.

கலந்துரையாடலுக்கான கேள்விகள்

1. உங்கள் வேலை இடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியா? இல்லையென்றால் ஏன்?
2. தவணை கட்டாத உறுப்பினரிடம் நம் குழு முதலில் கேட்கும் கேள்வி எது?
3. மணிமேகலை உங்கள் தங்கையாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?
4. உங்கள் வாழ்க்கையை ஒருவர் நாவலாக எழுதினால், எதை விடாமல் எழுதச் சொல்வீர்கள்?

நான்காவது கேள்விக்கு அக்காவிடம் பதில் கேட்டோம். பட்டரவாக்கம் வந்துவிட்டது என்று பையில் புத்தகத்தைப் போட்டுக்கொண்டே, "இந்த ரயில் அரை மணி நேரத்தை எழுதச் சொல்லுங்க மேடம். ஒரு நாளுக்கு எனக்குன்னு இருக்கிறது அதுதான்" என்றார்.

உங்கள் குழுவில் பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் நான்கு வரி எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கே சந்திப்போம்.