ஜீப் ஸீட்டை மாற்றப் போகிறீர்களா? முதுகைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்!

தோட்டத்துக்குப் போய்வர வீட்டில் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. பாதையோ கல்லும் பள்ளமும். திரும்பி வந்து இறங்கியதும், 'அப்பாடா, இடுப்பே கழன்று போச்சு!' என்று சுவரைப் பிடித்துக்கொள்கிறீர்களா? வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பதற்கு முன்னால், ஜீப் ஸீட்டை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஃபோம் செத்துப்போய், அடியில் இருக்கும் தகரம் கையில் தட்டுப்படலாம்.

சரி, ஸீட்டை மாற்றிவிடலாம். ஆனால் கடைக்குப் போனதும் பலர் என்ன சொல்கிறார்கள்? "நல்லா மெத்து மெத்துன்னு போட்டுக் கொடுப்பா!" அங்கேதான் சிக்கல்.

மெத்தென்று இருந்தால் நல்லதுதானே?

இல்லை! முதுகெலும்புகளுக்கு நடுவே 'டிஸ்க்' என்கிற மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. ஸ்வீடன் நாட்டு எலும்பு நிபுணர் ஆல்ஃப் நாக்கெம்சன், 1960-களில் இந்த டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட, சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்று கண்டார். அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல என்று பின்னால் வந்த சில ஆய்வுகள் சொன்னாலும், முன்னால் கவிழ்ந்து உட்கார்ந்தால் அழுத்தம் ஏறுகிறது என்பதில் மாற்றமில்லை. குழிந்த ஸீட்டில், சாய்மானத்தை விட்டு விலகி நாம் அப்படித்தான் உட்காருகிறோம்.

இதோடு அதிர்வும் சேர்கிறது. ஊஞ்சலை அது ஆடுகிற தாளத்திலேயே தள்ளினால் உயரம் கூடிக்கொண்டே போகும் இல்லையா? உட்கார்ந்திருக்கும் உடம்புக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. விநாடிக்கு சுமார் 5 தடவை. கரடுமுரடான பாதையின் குலுக்கலில் இந்த அதிர்வு தாராளமாக இருக்கிறது. சாதாரண ஃபோம் ஸீட் இதைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடவும் செய்யும்! பெரிய பள்ளம் வந்தால் மெத்தென்ற ஃபோம் அடிவரை நசுங்கி, தகரம் நேராக முதுகெலும்பில் இடிக்கும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

1. ஃபோம்: 'எத்தனை டென்ஸிட்டி?' என்று கேளுங்கள். 40 டென்ஸிட்டி என்றால் 1 கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை. எண் கூடினால் பொதுவாக நீண்ட நாள் அமுங்காமல் உழைக்கும். அது கெட்டியா, மிருதுவா என்பது வேறு விஷயம். அதை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

2. சாய்மானம்: பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே லேசாகப் புடைத்து, இடுப்பைத் தாங்க வேண்டும். முதுகு மரப்பலகை மாதிரி செங்குத்தாக நிற்காமல் கொஞ்சம் பின்னால் சாயட்டும்.

3. நீளம்: முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போது, முழங்காலின் பின்புறத்துக்கும் ஸீட் விளிம்புக்கும் இடையே 2 அல்லது 3 விரல் இடைவெளி வேண்டும். கிளட்ச்சை முழுதாக மிதிக்கும்போது இடுப்பு நகரக்கூடாது.

4. பக்க அணைப்பு: கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! அணைப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் உடம்பைப் பிடித்து நிறுத்தும் வேலை முதுகுத் தசைகளுக்குத்தான். ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அணைப்பு ரொம்ப உயரம் வேண்டாம். ஏறி இறங்கச் சிரமம்.

5. உறை: ரெக்ஸின் சேற்றைத் துடைக்கச் சுலபம், வெயிலில் சுடும், வியர்க்கும். துணி காற்றோட்டமானது, நனைந்தால் காய நாளாகும். உட்காரும் இடத்தில் கெட்டித் துணி, உரசும் ஓரங்களில் ரெக்ஸின், இரட்டைத் தையல். இது நடுவழி.

நாள் முழுக்க ஓட்டுகிறவரா? டிராக்டர்களில் வருவது போல, கீழே ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் வைத்து, உட்காருபவர் எடைக்கேற்பத் திருப்பி வைக்கும் ஸீட்டை விசாரியுங்கள். பொருத்த உயரம் இருக்கிறதா என்று அளந்து கொள்ளுங்கள்.

பொருத்தும்போது ஜாக்கிரதை!

தகரத்தில் அவசர வெல்டிங் வேண்டாம். கம்பெனி கொடுத்த தண்டவாளம், போல்ட் துளைகளில்தான் உட்கார வேண்டும். தலை தாங்கியும் ஸீட் பெல்ட்டும் சரியாக அமைய வேண்டும். ஸீட் உயர்ந்தால் தலை கூரையில் முட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் ஸீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது. அதில் கை வைக்காதீர்கள். ஆர்.ஸி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையை இஷ்டத்துக்கு மாற்றவும் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை.

பின்னால் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பெஞ்சு இருந்தால் கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்களை அதில் ஏற்றாதீர்கள். பிரேக் போட்டால் உடம்பு பக்கவாட்டில் வீசி எறியப்படும்.

ஸீட் மட்டும் போதுமா?

போதாது. மெதுவாக ஓட்டுங்கள். மணிக்கொரு தடவை இறங்கி நடங்கள். இறங்கிய கையோடு உர மூட்டையைத் தூக்காதீர்கள்.

புது ஸீட் போட்டும் வலி காலுக்கு இறங்குகிறதா, கால் மரத்துப் போகிறதா? டாக்டரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, கால் பலமிழந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிற விஷயமல்ல அது!