எந்தப் பாடத்தை விடலாம் என்று கேட்ட மாணவிக்கு

அன்புள்ள மாணவிக்கு,

நீட் தேர்வுக்கு எந்தெந்தப் பாடங்களை விட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறாய். கூடவே யாரோ கொடுத்த ‘நிச்சயம் வரும்’ பட்டியல் ஒன்றையும் அனுப்பியிருக்கிறாய். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது, உன்மேல் அல்ல. 2025இல் இயற்பியல் வினாக்கள் எத்தனை பிள்ளைகளைத் திணறடித்தன! அவர்கள் கையிலும் இப்படிப் பட்டியல்கள் இருந்தன.

விடக்கூடியதைத் தேசிய மருத்துவ ஆணையமே சொல்லிவிட்டது. 2024 தேர்வுக்கான பாடத்திட்டத்தில் திடநிலைமை, பரப்பு வேதியியல், உயிரியலில் செரிமானம் போன்றவற்றை நீக்கினார்கள். திடநிலைமை நம் மாநிலப் பாடநூலில் இருக்கிறது. பொதுத்தேர்வுக்குப் படி, நீட்டுக்கு வேண்டாம். அந்தப் பாடத்திட்டத்துக்குள் இருப்பதில் எதையும் விடாதே.

எப்படிப் படிப்பது என்பதுதான் பெரிய கேள்வி. 2024இல் வந்த ஓர் இயற்பியல் வினாவைச் சொல்கிறேன். இரண்டு கூற்றுகள். அணுவில் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சமமாக இருப்பதால் அது மின்நடுநிலை உடையது என்பது முதலாவது. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலையானது, தனக்கே உரிய நிறமாலையை உமிழ்கிறது என்பது இரண்டாவது. என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் பழைய பதிப்பில் இரண்டாம் கூற்று ஏறக்குறைய அப்படியே இருந்தது. புதிய பதிப்பில் பெரும்பாலான தனிமங்களுக்கு மட்டும் என்று திருத்தியிருந்தார்கள். இரண்டு கூற்றுகளும் சரி, முதலாவது மட்டும் சரி என்ற இரண்டு விடைகளுக்கும் முதலில் மதிப்பெண் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், டெல்லி ஐ.ஐ.டி.யின் வல்லுநர் குழு பார்த்து, இரண்டாம் கூற்று தவறு என்றது. அதனால் இரண்டும் சரி என்று விடையளித்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெற்ற நான்கு மதிப்பெண்ணோடு தவறான விடைக்காக இன்னும் ஒன்றையும் இழந்தார்கள். புதுப் புத்தகம் வாங்க வழியில்லாமல் அக்காவின் புத்தகத்தைப் படித்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் பழைய பதிப்பை வைத்தே அந்த வினாவை வென்றிருக்கலாம். யுரேனியம் என்ன ஆகிறது என்று ஒரு கணம் யோசித்தால் போதும். அதன் அணுக்கரு தானாகவே சிதைகிறது. ‘அணுக்கள்’ பாடத்துக்கு அடுத்த பாடமே ‘அணுக்கருக்கள்’தான். இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்தத் தொடர்பு புலப்படவில்லை.

ஈவ் கியூரி தன் தாய் மேரி கியூரியைப் பற்றி எழுதிய வரலாற்றை நான் பலமுறை படித்திருக்கிறேன். 1898இல் ரேடியம் இருப்பதை அறிவித்த மேரியும் அவர் கணவர் பியரும், பிறகு அதைப் பிரித்தெடுக்க உழைத்த காலத்தில், இரவில் தங்கள் கொட்டகைக்குப் போய் அது மினுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். ரேடியம்-226இன் அரை ஆயுட்காலம் சுமார் 1600 ஆண்டுகள். இதைப் படித்தவளிடம் எல்லா அணுவும் நிலையானது என்று சொன்னால் ஒப்புவாளா? பாடநூலுக்கு வெளியே படிப்பது நேரத்தை வீணாக்குவது என்கிறார்களே, அவர்களோடு எனக்கு ஒத்துவராது.

ஆகவே, புத்தகத்தில் எந்த வரியைப் படித்தாலும், இது எங்கே பொருந்தாமல் போகும் என்று கேள். பாலூட்டிகள் குட்டி போடும், பாலூட்டியான வாத்தலகியோ முட்டையிடும். ஓம் விதி உலோகக் கம்பிக்குப் பொருந்தும், டையோடுக்குப் பொருந்தாது. இப்படிக் கேட்டுப் படித்தால் வினாவை எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் நீ தடுமாறமாட்டாய். மெதுவாகத்தான் நகரும், பரவாயில்லை. உயிரியலில் முதலில் தொடங்கு. 720இல் 360 மதிப்பெண் அதற்குத்தான். இருவர் சமமாக வந்தாலும் முதலில் உயிரியல் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். இயற்பியலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடு. அதைப் பலமுறை சொல்லிவிட்டேன்.

ஹூக் விதி, நல்லியல்பு வாயுச் சமன்பாடு, பாயில் விதி மூன்றும் எந்த நிலையில் பொருந்தாமல் போகும், ஏன் என்று உன் சொந்த நடையில் எழுதி அடுத்த கடிதத்தோடு அனுப்பு. புத்தகத்தைப் பார்த்து எழுதாதே. திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்