பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில்: விலை கேட்கும் முன் அளவு பாருங்கள்



பிள்ளைகளை ஏழு வயதில் தொழுகைக்கு ஏவும்படியும், பத்து வயதில் அவர்களுடைய படுக்கைகளைப் பிரித்து வைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட ஹதீஸ் அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. அதன் முதல் பகுதியை நாம் மறப்பதில்லை. இரண்டாம் பகுதியை நிறைவேற்ற முடியாமல் பல பெற்றோர் தவிக்கிறார்கள். மனமில்லாமல் அல்ல, இடமில்லாமல்தான். பத்துக்குப் பத்து அறை ஒன்றில் மூன்று நான்கு பிள்ளைகள் படுக்கும் வீடுகள் நம் மஹல்லாக்களில் ஏராளம்.

இதற்குத் தீர்வாகத்தான் கடைகளில் ‘டபுள் டெக்கர்’ என்று சொல்லப்படும் அடுக்குக் கட்டிலைப் பலர் தேடுகிறார்கள். நல்ல தீர்வுதான். ஆனால் பிள்ளையை ஐந்தடி உயரத்தில் தூங்க வைக்கிறோம் என்ற நினைவோடு வாங்க வேண்டும். தடுப்பு இல்லாத மொட்டை மாடியில் தூங்குபவர் தம் பாதுகாப்பைத் தாமே இழந்துவிடுகிறார் என்ற கருத்திலும் அதே அபூதாவூத் நூலில் ஒரு ஹதீஸ் உண்டு. உயரத்தில் படுப்பவருக்குத் தடுப்பு அவசியம் என்பது மார்க்கமே கற்றுத் தரும் பாடம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும்.

முதலில் தடுப்பு

மேல் கட்டிலின் நான்கு பக்கமும் தடுப்பு வேண்டும். சுவர்ப் பக்கம் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். கட்டில் சிறிது நகர்ந்தாலும் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே பிள்ளை சிக்கிக்கொள்ளும். ஏறி இறங்கும் வழி மட்டும் திறந்திருக்கலாம்.

தடுப்பின் உயரத்தை மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், பலகையிலிருந்து அல்ல. மெத்தைக்கு மேல் குறைந்தது 5 அங்குலம் தேவை. 4 அங்குலத் தேங்காய் நார் மெத்தை போடுவதாக இருந்தால் பலகையிலிருந்து 9 அங்குலம். ஒரு அடியாகவே செய்யச் சொல்லிவிடுங்கள். அதன்மேல் 8 அங்குல மெத்தையைக் கொண்டுவந்து போட்டால் மிஞ்சுவது 4 அங்குலம்தான். அது தடுப்பே அல்ல.

கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளி மூன்றரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால், சிறு பிள்ளையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

ஆறு வயது நிரம்பாத பிள்ளைக்கு மேல் கட்டில் வேண்டாம். எவ்வளவு அடம் பிடித்தாலும் கீழேதான்.

மின்விசிறியை மறக்க வேண்டாம்

நம் வீடுகளில் பெரிய ஆபத்து தலைக்கு மேல் இருக்கிறது. ஒரு கணக்குப் பாருங்கள். வழக்கமான 48 அங்குல மின்விசிறியின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி வரை சுழலும். பத்தடி அறையில் 3 அடி அகலக் கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டால், அதன் வெளி விளிம்பு அறையின் நடுவிலிருந்து சரியாக 2 அடியில் இருக்கும். அதாவது இறக்கை நுனிக்கு நேர் கீழே.

உயரமும் அப்படித்தான். பத்தடி உயரக் கூரையில் இறக்கை சுமார் 9 அடியில் சுழலும். 5 அடி உயரப் படுக்கையில் நாலரை அடிப் பிள்ளை எழுந்து நின்றால் தலை ஒன்பதரை அடியில் இருக்கும். உட்கார்ந்தபடி போர்வையை உதறினாலும் இறக்கை அதை இழுத்துவிடலாம்.

ஆகவே அடுக்குக் கட்டில் போடும் சிறிய அறையில் கூரை மின்விசிறியைக் கழற்றிவிட்டு, கூண்டு போட்ட சுவர் மின்விசிறியை எதிர்ச் சுவரில், பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள். இதற்கு வழியில்லை என்றால் அடுக்குக் கட்டிலே வேண்டாம். ஒரு சாதாரணக் கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த தாழ்வான இன்னொரு கட்டிலைச் செய்து, இரவில் வெளியே இழுத்துப் போடலாம். பகலில் இடம் அடைக்காது, படுக்கையும் பிரியும், விழும் பயமும் குறைவு.

பட்டறையில் கேட்க வேண்டியவை

குறைந்த செலவில் உறுதியாக வேண்டுமென்றால் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் இரும்பில் செய்வது நல்லது. கால்களுக்கும் சட்டத்துக்கும் 16 கேஜ் சதுரக் குழாய் கேளுங்கள். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலிதாகும். 16 கேஜ் சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர். விலை குறைகிறது என்றால் எதில் குறைகிறது என்று கேளுங்கள்.

இணைப்புகளில் அங்கங்கே பொட்டு வைத்தது போல் பற்றவைத்தால் போதாது, சுற்றிலும் முழுமையாகப் பற்றவைக்க வேண்டும். பலகைக்குக் கீழே ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்குக் குழாய் வரட்டும். ஏணி சட்டத்தோடு பிணைந்திருக்க வேண்டும். அதன் படிகள் உருண்டைக் குழாயாக இல்லாமல் தட்டையாக இருந்தால் பிள்ளைகளின் பாதம் வலிக்காது, வழுக்காது. மரத்தூள் பலகையில் செய்த பளபளப்பான கட்டில் ஈரம் பட்டால் உப்பும், திருகாணிகளும் பிடிப்பு விடும்.

கட்டில் வந்ததும் பெரியவர் ஒருவர் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் சுவரோடு இறுக்கிவிடுங்கள். வேலை முடிந்ததும் கூலியைத் தாமதிக்காமல் கொடுங்கள். வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வட்டித் தவணையில் மட்டும் வாங்காதீர்கள். படுக்கையைப் பிரிக்கும் கட்டளையை நிறைவேற்ற வட்டியில் கால் வைப்பது எப்படிப் பொருந்தும்?

பழைய கட்டில் என்றால்

பழையதை வாங்குவதில் குறைவில்லை. கால்களின் அடியில் துரு அரித்திருக்கிறதா, இணைப்புகளில் கீறல் உண்டா என்று பாருங்கள். விற்பவர் குறையைச் சொல்லி விற்க வேண்டும். தர்மமாகக் கொடுப்பவருக்கும் இது பொருந்தும். நாமே முகம் சுளித்து வாங்கக்கூடிய பொருளைத் தர்மமாகக் கொடுக்க வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். தடுப்பு உடைந்த கட்டிலை ஏழை வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்தையும் சேர்த்தே அனுப்புகிறோம். முதலில் பழுது பாருங்கள், பிறகு கொடுங்கள்.

வீட்டில் வைக்க வேண்டிய ஒழுங்கு

மேல் கட்டிலில் ஒரு பிள்ளை மட்டுமே படுக்கட்டும். அங்கே குதியாட்டம் கூடாது. கட்டில் குழாயில் தொட்டில் சேலை, துப்பட்டா, கயிறு எதையும் கட்டாதீர்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். கம்பியில்லாத ஜன்னலோரம் கட்டில் வேண்டாம். ரமலானில் சஹருக்கு எழுப்பும்போது பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் இறங்குவார்கள். சிறிய இரவு விளக்கு ஒன்று எரியட்டும், உம்மாவோ வாப்பாவோ ஏணியருகே நிற்கட்டும்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். தூங்கும்போது தங்களைக் காத்துக்கொள்ள அவர்களால் இயலாது. அந்த நேரத்துப் பொறுப்பு முழுவதும் நம்முடையது. கட்டில் வாங்கப் போகும் முன் இன்று இரவே ஒரு அளவு நாடாவை எடுத்து அறையையும், கூரையையும், மின்விசிறியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் எல்லோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.