உலர் உடையும் இரப்பர்ப் பட்டையும்

ஐஸ்லாந்து நாட்டில் சில்ஃப்ரா என்னும் ஆழ்ந்த நீர்ப்பிளவு ஒன்று உண்டு. பனியாறு உருகி எரிமலைப் பாறைகளினூடே வடிந்து வரும் அதன் நீர், ஆண்டு முழுவதும் 2 முதல் 4 பாகை செல்சியஸ் அளவிலேயே குளிர்ந்திருக்கும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவரும். ஆதலின் அங்கு மூழ்குவோர் நீர் புகாத உலர் உடை அணிவர். உடையினுள் நீர் நுழையாமல் தடுப்பவை, கழுத்தையும் மணிக்கட்டுகளையும் இறுகப் பற்றும் மெல்லிய இரப்பர்ப் பட்டைகளே. பட்டை கிழிந்தால் பனிநீர் உள்ளே பாயும்; உடல் விறைக்கும்.

வெயிலும் ஓசோனும் எண்ணெய்ப் பசையும் இரப்பருக்குப் பகை. விளிம்பில் கீறல் கண்டதும் ஒட்டுப் போட்டு அமைதி கொள்வாரும் உளர். அது நன்றன்று. கை நுழையுந்தோறும் இரப்பர் விரியும். ஒட்டு அவ்வளவு விரியாது. அதன் ஓரத்திலேயே மறு கீறல் தொடங்கும். பழையதை அகற்றிப் புதியது பொருத்துவதே முறை.

முதலில் கைப்பகுதியினுள் உருளை ஒன்றைச் செருகிச் சுருக்கம் நீக்குவர். ஒட்டுமிடத்தை உப்புத்தாளால் தேய்த்து, எரிசாராயத்தால் துடைத்து, பசையை மெல்லியதாக இருமுறை பூசுவர். பின்னர்ப் பட்டையைப் பொருத்தி அழுத்தி, ஒரு நாள் காயவிடுவர்.

கழுத்துப் பட்டையில் மிகுந்த கவனம் வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுகினால் அது குருதிக்குழாய்களை அழுத்தி மயக்கம் தரும். விளிம்பைச் சிறிது சிறிதாக நறுக்கித் தளர்த்துவர். வெட்டில் பிசிர் இருத்தலாகாது. பிசிர் உள்ள இடத்திலேயே கிழிசல் பிறக்கும்.

இறுதியில் திறப்புகளை அடைத்து, உடையினுள் காற்றேற்றி, சவர்க்கார நீரைத் தடவுவர். குமிழி எழும் இடமே ஓட்டை.